மூர்மான் பெயருக்குப் பிறகு

லாஷ்கேரி
1988 மார்ச் 20

லாமாராவுக்கு,

உன் மாமனார் பிமுர்ஸா சொல்ல, தபால் அறை எத்தேரி எழுதுகிறாள். கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். அவள் சத்தியத்தின் லட்சணம் உனக்கும் தெரியும்.

பள்ளத்தாக்குச் சாலையில் பனி வெட்டி முடித்து நேற்றுதான் முதல் வண்டி மேலே வந்தது. மூர்மான் செத்த சேதி எனக்கு ஜனவரியிலேயே சாலைக்காரர்களின் வயர்லெஸ்ஸில் வந்தது. அதற்குள் சாலை மூடிவிட்டது, நான் இறங்கி வர வழியில்லை. நீ காத்திருக்கவும் இல்லை. என் மகனை, இந்த ஊரில் ஏழு தலைமுறைக்குக் கல்லறை உள்ள வீட்டுப் பிள்ளையை, சமவெளியில் திராட்சைத் தோட்டக்காரர்கள் நடுவில் புதைத்துவிட்டாய். அதைப் பற்றி நான் பேச வரவில்லை. பேசினால் நிறுத்த மாட்டேன். எத்தேரிக்கு மை செலவு.

நான் கேட்பது ஒன்றுதான். உடம்பு உன்னிடம் இருக்கட்டும். அவன் உயிர், லாரி ஆற்றில் விழுந்த இடத்திலேயே நிற்கும். பாறையிலும் ஆற்றிலும் செத்தவனுக்கு வழி தெரியாது, வீட்டு மனிதர்கள் போய்க் கூட்டி வர வேண்டும். நீயும் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயிரை ஏற்றிக் கொண்டு வரச் சேவல் வைத்திருக்கிறேன், கறுப்புச் சேவல், நல்ல குரல். என் சூனிரி வாத்தியத்துக்குப் புதிதாகக் குதிரைமயிர் நரம்பு கட்டிவிட்டேன். விரல் முன்போல வளையவில்லை, ஆனால் அந்த ஒரு ராகத்துக்கு வளைந்தால் போதும்.

எந்த வளைவில் விழுந்தது என்று எழுது. அவன் உடுத்திய சட்டை ஒன்று அனுப்பு, துவைக்காதது. என்னைப் பார்க்க வரும் வழியில் செத்திருக்கிறான். கோபத்தில் போன பிள்ளை ஒரு வருஷத்துக்குள் மனம் மாறித் திரும்பி வந்திருக்கிறான். வந்தவனைப் பாதி வழியில் நிற்க விடுவது எனக்குத் தகாது.

பிமுர்ஸா

இதை எழுதுகிறவள்: லாமாரா, நான் எத்தேரி. கிழவர் நன்றாக இல்லை. கடுமையாகப் பதில் எழுதாதே.


போல்னிசி மாவட்டம், புதுக் குடியிருப்பு
1988 ஏப்ரல் 11

மாமாவுக்கு,

எத்தேரி கேட்டுக்கொண்டதால் இரண்டு கடிதங்களைக் கிழித்துவிட்டு மூன்றாவதை எழுதுகிறேன்.

சட்டை அனுப்ப மாட்டேன். இடமும் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் பனிச்சரிவில் எங்கள் வீடு போனது. எங்கள் பெண் மாக்வாலா போனாள். ஆறு வயது. அவளைத் தோண்டி எடுத்த மண்வெட்டியை மூர்மான் கீழே போடாமல் அப்படியே நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதற்குப் பிறகும் அந்த மலைக்கு அடியில் நான் எப்படி ஒரு குளிர்காலம் தூங்க முடியும்? அரசாங்கம் சமவெளியில் வீடு கொடுத்தது, போனோம். நூறு குடும்பம் போனது. மற்ற வீட்டுப் பெரியவர்கள் வண்டிவரை வந்து அழுதார்கள். நீங்கள் உங்கள் வீட்டுக் காவல் கோபுரத்து வாசலில் நின்றுகொண்டு சத்தம் போட்டீர்கள்: "போடா. இறங்கிப் போ. வண்டி பாலத்தைத் தாண்டிச்சுன்னா உன்னையும் செத்தவங்களோட சேத்துக்குவேன்." எல்லாருக்கும் கேட்டது. வண்டியில் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவன் மேலே வரும் வழியில் சாகவில்லை, மாமா. கீழே இறங்கும் வழியில் செத்தான். உங்கள் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினான்.

லாமாரா


லாஷ்கேரி
1988 மே 2

லாமாரா,

பொய். யாரும் வரவில்லை.

எனக்குப் படிப்புத்தான் கிடையாது, மறதியும் கிடையாது. அது லிபானலி தொடங்கிய சாயங்காலம். நம் வீட்டுச் செத்தவர்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பி வரும் நாள். காலையிலிருந்து காற்று இல்லை. உஷ்பா மலை இரண்டு கொம்பும் தெரிய வெளுத்து நின்றது. ஊரே அடங்கிக் கிடந்தது, நாயைக்கூட உள்ளே கட்டிவிட்டார்கள். இறைச்சி வைத்த குப்தாரி ரொட்டி நானே சுட்டேன். உன் மாமியார் இருந்தால் சிரித்திருப்பாள், ஒரு பக்கம் கரி. கதவைத் தாழிடாமல் வைத்து, முறைப்படி அதற்கு முதுகு காட்டி நின்று, வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கதவு அசைந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. மூர்மான் வந்திருந்தால் எனக்குத் தெரியாதா? மூச்சு விடும் சத்தத்திலேயே தெரியும்.

(எத்தேரி இங்கே பேனாவை வைத்துவிட்டாள். "அந்தத் தடம் பத்திச் சொல்லு, பிமுர்ஸா" என்கிறாள். "எதுக்கு" என்றேன். "சொல்லலைன்னா நான் எழுதிடுவேன்" என்கிறாள். சரி.)

மறுநாள் விடிந்ததும் பார்த்தேன். வாசற்படிப் பனியில் பூட்ஸ் தடம். படிவரை வந்து, கொஞ்சம் நின்று மிதித்த மாதிரி. பெரிய கால். எங்கள் அண்ணன் பெக்கானுக்குத்தான் அவ்வளவு பெரிய கால். வேட்டைக்குப் போய்ப் பனியில் புதைந்தவன், பூட்ஸோடு புதைந்தவன். செத்தவர்கள் தடம் விட்டுப் போனால் அந்த வீட்டுக்கு அதைவிடக் கௌரவம் இல்லை. நான் தெருவில் நின்று கூவினேன். கிழடுகள் எல்லாம் வந்து பார்த்தார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். ஒருத்தி முழங்காலிட்டு அந்தப் பனியை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். மிதிபடாமல் இருக்க அதன்மேல் கூடை கவிழ்த்து வைத்தேன். உருகும்வரை கவிழ்த்து வைத்திருந்தேன்.

மூர்மான் என்ன பூட்ஸ் போட்டிருந்தான், எழுது.

பிமுர்ஸா


புதுக் குடியிருப்பு
1988 மே 23

மாமாவுக்கு,

ரயில்வேக்காரர்கள் போடும் பூட்ஸ். இடது குதிகாலில் இரும்பு லாடம், வலதில் இல்லை. வலதில் இருந்தது இங்கே வந்த கோடையில் கழன்று விழுந்தது, நாளைக்கு அடித்துக்கொள்கிறேன் என்று ஜன்னலில் வைத்தான். இன்னும் ஜன்னலில் இருக்கிறது.

லாரி ஓட்டி வந்த ஓமர் பிழைத்துக்கொண்டான். இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் சொல்ல மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

மூர்மான் உங்களுக்காக வரவில்லை, மாமா. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது மாக்வாலா செத்தபிறகு வந்த முதல் லிபானலி. அவள் எங்கே வருவாள்? அவளுக்கு இந்த சிமெண்டு வீடு தெரியாது. பிறந்த ஊருக்குத்தான் வருவாள். எங்கள் வீடு இல்லை, உங்கள் வீடுதான் மிச்சம். "பாப்பா வந்து உக்காந்திருக்கும், லாமாரா. தாத்தா மட்டுந்தான் இருப்பாரு. பயந்துக்கும். ஒரு ராத்திரி பக்கத்துல உக்காந்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். "அப்பாகிட்டயும் பேசிடறேன்" என்றும் சொன்னான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஊருக்குள் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டதாம். ஓமர் அந்நியன், அவனுக்கு நம் வழக்கம் தெரியாது. "அவ்வளவு அழகான ஊரு, கோபுரம் கோபுரமா, மேல மலை பளபளன்னு. ஆனா ஒரு மனுசக் குஞ்சு இல்ல தெருவுல. நான் வண்டிய விட்டே இறங்கல" என்றான். பாலத்தடியில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தான். இரவு தங்கப் போனவன் ஒரு சிகரெட் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டான். முகத்தில் ஒன்றும் இல்லையாம்.

"என்னப்பா, அப்பா வீட்ல இல்லியா?"

"இருக்காரு. என்னையும் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு."

"அப்புறம் என்ன?"

"செத்தவங்க வரிசையில கூப்பிட்டாரு. தாத்தா பேரு, பெரியப்பா பேரு, அம்மா பேரு, பாப்பா பேரு. அப்புறம் என் பேரு. வண்டிய எடு."

அந்தப் பனியில், அந்த நேரத்தில், எடுக்கக் கூடாத வண்டியை எடுத்தார்கள்.

நீங்கள் கூடை போட்டு மூடி வைத்தது உங்கள் மகனின் கால். சொன்னதைச் செய்துவிட்டீர்கள். உயிரோடு இருந்தவனைச் செத்தவர்களோடு கூப்பிட்டீர்கள், அவன் போய்விட்டான். இப்போது அந்த உயிரையும் அதே வீட்டுக்குக் கூட்டிப் போகச் சட்டை கேட்கிறீர்கள்.

லாமாரா


லாஷ்கேரி
1988 ஜூலை 30

லாமாரா,

உன் கடிதத்தை எத்தேரி படித்தபோது நான் எழுந்து போய்விட்டேன். அந்தத் தடத்திலும் இடது குதிகாலில் மட்டும்தான் லாடம் பதிந்திருந்தது. பிறகு கோடை முழுவதும் புல் அறுத்தேன். இன்று திரும்பி வந்து அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

கோபுரத்து வாசலில் நான் கத்தியது உண்மை. கத்தினேன். ஆனால் அந்தச் சாயங்காலம் நடந்தது நீ நினைப்பது அல்ல. நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

செத்தவர்களைப் பெயர் சொல்லி உட்கார வைத்த பிறகு, உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் வீட்டுப் பெரியவன் சொல்ல வேண்டும். சொல்லி, இவர்களை எங்களிடமே விட்டு வையுங்கள், போகும்போது கூட்டிப் போகாதீர்கள் என்று கேட்க வேண்டும். இது உனக்கும் தெரியும், மூர்மானுக்கும் தெரியும். ஆனால் முன்பெல்லாம் எப்படி இருக்கும்? செத்தவர்கள் வரிசை முடிந்ததும் உன் மாமியார் கதவை அடைப்பாள். பெண்கள் மெழுகுவர்த்தியோடு உள்ளே வருவார்கள். நான் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்துப் பெயர் சொல்வேன். சின்னதுகள் "என் பேரு, என் பேரு" என்று முண்டும். ஒன்று செத்தவர்களுக்கு, ஒன்று இருப்பவர்களுக்கு என்று வெளியே நிற்கிற அந்நியனுக்குக்கூட விளங்கிவிடும்.

இந்தத் தடவை கதவை அடைக்க ஆள் இல்லை. கை வைக்கத் தலை இல்லை. மாக்வாலா என்று சொன்னேன். அவளை உட்கார வைத்தேன். அந்தச் சின்ன முக்காலியைத்தான் போட்டிருந்தேன். அடுத்து இருப்பவர்களுக்கு வந்தேன். மூர்மான் என்றேன்.

அதற்கு மேல் குரல் வரவில்லை. அடுப்பில் ஈர விறகு, புகை.

("புகைன்னே எழுதட்டுமா?" என்று எத்தேரி கேட்கிறாள். "புகைதான், எழுது" என்றேன்.)

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு சொன்னேன். "மாக்வாலா, ஒங்கப்பன் கீழ இருக்கான், உசுரோட இருக்கான், நீ தனியா இருக்கேன்னு அவனக் கூட்டிக்கிட்டுப் போயிடாத, கண்ணு. அவன எனக்கு விட்டு வை. லாமாராவையும் விட்டு வை." இதுதான் நான் சொன்னது. ஒரு சொல் கூடவில்லை.

அவன் அதற்குள் பாலத்துக்குப் போய்விட்டான் போல.

எனக்குச் சாட்சி கிடையாது. அந்த வீட்டில் அன்றைக்கு உயிரோடு இருந்தது நான் ஒருத்தன்தான்.

அவன் உயிரை இங்கே கொண்டு வர மாட்டேன். உன் வீட்டுக்கே கூட்டிப் போ. ஆனால் சூனிரி வாசிக்க அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்? வளைவு வரைக்கும் நான் வருகிறேன். சேவலை உன் மடியில் வைத்துவிட்டு மேலே திரும்பிவிடுகிறேன்.

பிமுர்ஸா


புதுக் குடியிருப்பு
1988 ஆகஸ்ட் 21

மாமாவுக்கு,

நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேனா என்று தெரியவில்லை. ஒரு நாள் நம்புகிறேன். மறுநாள் காலையில் எழுந்து, கிழவர் நல்லதாக ஒன்று கட்டிச் சொல்கிறார் என்று தோன்றுகிறது. இரண்டில் எது என்று தெரிந்தாலும் எனக்குத் தூக்கம் வரப் போவதில்லை.

அவன் பனியில் இன்னொரு குளிர்காலம் நிற்க வேண்டாம். திராட்சை அறுவடை முடிந்ததும் வருகிறேன். பெரிய அணையைத் தாண்டி மூன்றாவது குகைப்பாதை, அதன் மேல்வாயில் இடப்பக்க வளைவு. தடுப்புக் கல் உடைந்திருக்கும். ஓமர் அடையாளம் சொன்னான். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு. சட்டை கொண்டு வருகிறேன்.

என்னிடம் மன்னிப்பு எதிர்பார்த்து வராதீர்கள். ராகம் வாசித்தால் போதும்.

லாமாரா


புதுக் குடியிருப்பு
1988 நவம்பர் 6

மாமாவுக்கு,

நீங்கள் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்ததாக எத்தேரி தந்தி கொடுத்தாள். அவ்வளவு குளிரில் கையுறை இல்லாமல் நீங்கள் வாசித்தீர்கள். விரலில் ரத்தம் வந்ததைப் பார்த்தேன், அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், பார்த்தேன்.

சேவலைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி வழியில் யாரோடும் பேசவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "சந்தைக்காடி? பேச மாட்டியோ? சேவலுக்குத்தான் வாயைக் கட்டலாம், உனக்கு யாரு கட்டினா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சேவலும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குள் விட்டேன். அவன் சட்டையை நாற்காலியில் போட்டேன். உயிர் உள்ளே வந்தால் சேவல் கூவ வேண்டும். விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். கூவவில்லை. மறுநாளும் கூவவில்லை. ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக் கோழிகளைப் பார்த்துவிட்டுக் கூவியது. அது சேவல் கூவுகிற கூவல், மாமா. எனக்கு வித்தியாசம் தெரியாதா?

அவன் என்னோடு வரவில்லை. உங்களோடும் வந்திருக்க மாட்டான். அப்படியென்றால் இன்னும் அங்கேயேதான் நிற்கிறான், உடைந்த கல்லுக்குப் பக்கத்தில், மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல். போகாமலே இருந்திருக்கலாம். போகாதபோது எங்கேயோ இருக்கிறான் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இடம் தெரியும்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

லாமாரா


லாஷ்கேரி
1989 ஜனவரி 24

மகளே,

உனக்குப் பதில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லாததால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது இருக்கிறது.

லிபானலி வந்தது. போன வருஷம் அடுப்புப் புகைந்த வீடுகளில் இந்த வருஷம் பாதிதான் புகைகிறது. பெயர்களைச் சொன்னேன், எல்லோரையும் உட்கார வைத்தேன். மாக்வாலாவோடு நிறுத்திக்கொண்டேன். மூர்மானைச் செத்தவர்களோடு சொல்ல வாய் வரவில்லை, அவன் அங்கே இல்லையே. இருப்பவர்களோடு சொல்லவும் முடியாது. அவனுக்கு வரிசை இல்லை.

விடியும்வரை யோசித்தேன். நான் கூப்பிட்டேன், வரவில்லை. நீ கூப்பிட்டாய், வரவில்லை. அவன் போன வருஷம் யாரைத் தேடி வந்தான்? என்னையா? உன்னையா?

காலையில் மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். "அப்பா, அண்ணா, நீங்க சாப்டுக்கிட்டு இருங்க. வீட்டுக்காரன் கொஞ்சம் வெளிய போறான்." செத்தவர்களை விருந்தில் தனியாக விட்டுவிட்டு எந்தப் பெரியவனும் போனதில்லை. எத்தேரி தெருவில் மறித்துக்கொண்டு நின்றாள். "பிமுர்ஸா, ஒருத்தனுக்காக ஒரு வீட்டையே பகைச்சுக்கிறியா? திரும்பி வர்றப்ப எல்லாரும் கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க." "கோவிச்சுக்கட்டும்" என்றேன். "கோவிச்சுக்கிட்டுப் போறது எங்க வீட்ல எல்லாருக்கும் பழக்கம்." (அவள் இதை எழுத மாட்டேன் என்றாள். எழுதியிருக்கிறாள்.)

பிறகு அந்தச் சின்ன முக்காலிக்கு முன்னால் குனிந்து, "வா கண்ணு, ஒங்கப்பாவப் பாக்கப் போலாம்" என்று கை நீட்டினேன். பனி வெட்டும் வண்டி கீழே போனது, ஏற்றிக்கொண்டார்கள். ஓட்டியவன் நல்ல பிள்ளை. நான் ஒரு கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தான், கேட்கவில்லை, சன்னல் பக்கம் இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டான். நம் ஆள்.

வளைவில் இறக்கிவிட்டான். ஆறு மேலே உறைந்து கீழே ஓடிக்கொண்டிருந்தது. உடைந்த கல்லின் மேல் ரொட்டியையும் சாராயத்தையும் வைத்தேன். சூனிரி கொண்டு போகவில்லை. ராகத்துக்குத்தான் அவன் வரவில்லையே.

போன வருஷம் சொல்ல முடியாமல் நின்றதை முதலில் சொன்னேன், அவன் கேட்கட்டும் என்று. எங்கே நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன், பிறகு என்ன சொன்னேன், எல்லாம். அன்றைக்குக் குரல் நின்றது புகையால் இல்லை என்பதையும் சொன்னேன். அங்கே விறகும் இல்லை, புகையும் இல்லை, அப்படியும் குரல் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் இந்தத் தடவை அவனுக்குப் போக வேறு இடம் இல்லை. காத்திருந்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிறகு மாக்வாலாவிடம் சொன்னேன். போன வருஷம் அவனைக் கூட்டிப் போகாதே என்று கேட்டவன் நான். அவள் கேட்டுக்கொண்டாளோ இல்லையோ. இந்த வருஷம், "கூட்டிக்கிட்டுப் போ" என்றேன். "கையப் புடிச்சுக்க, வழுக்கும்" என்றேன். என் கையை விட்டுவிட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. சேவல் இல்லை, அடையாளம் கேட்க வழியில்லை. நடந்தே மேலே வந்தேன், இருட்டிவிட்டது. வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது. மற்றவர்கள் இருந்தார்களா, போனார்களா, தெரியாது. முக்காலியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டேன். அவள் இனி இங்கே வர மாட்டாள். அவளையும் கொடுத்துவிட்டேன் என்பது மேலே ஏறும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எந்தப் பக்கம் போனார்கள் என்று நான் பார்க்கவில்லை. கீழே போயிருக்கலாம். அதனால் உனக்கு எழுதுகிறேன். அடுத்த லிபானலிக்கு உன் சிமெண்டு வீட்டில் இரண்டு தட்டு வை. பெயர் சொல்ல ஆண்பிள்ளை வேண்டும் என்பார்கள், நீயே சொல். கதவுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள். நீ முதலில் கதவைத் திறந்து வெளியே போ. தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று பார். பார்த்துவிட்டுப் பிறகு தொடங்கு.

பிமுர்ஸா